வெயிலை வாசலில் நிறுத்தும் வீடு

எங்கள் பர்கூர் கிரானைட் ஊர். சித்திரையில் சூடேறிய பாறை நள்ளிரவிலும் ஆறாது. அந்த வெக்கையில் வளர்ந்த எனக்கு, தரங்கம்பாடிக் கடற்கரைப் பங்களா பெரும் ஆறுதல். 1620இல் டேனிஷ்காரர்கள் காலூன்றிய ஊர் அது. 1845இல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கலெக்டர் பங்களாவாக இருந்த அந்த வீட்டில் தடித்த சுவர், உயர்ந்த கூரை, கடலைப் பார்த்தபடி தூண்கள் தாங்கும் அகலமான தாழ்வாரம். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். காற்று மட்டும் உள்ளே வரும். உப்பங்காற்றில் இரும்பு துருவேறும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். சுவரில் உள்ளங்கையை வைத்தால் மண்பானையின் குளிர்ச்சி. நம் திண்ணைக்கும் இதே குணம்தான். இனிக் கட்டும் வீட்டில் நாலடித் தாழ்வாரமாவது விடுவோம்; கோடை நம்மிடம் கொஞ்சம் தணிந்து பேசும்.