காற்றோடு ஓட்டும் சாலை

நெடுந்தூர பைக் பயணம் என்றால் பலருக்கும் ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளிதான் நினைவுக்கு வரும்; அங்கே ஐயர் நெடுஞ்சாலை 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெரியபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கோ நூறு கிலோமீட்டர்கூட இல்லை. இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்கலாம். தூரத்தை வைத்து மட்டும் அளந்தால் இல்லைதான். ஓட்டுபவரிடம் சாலை எவ்வளவு கவனத்தைக் கேட்கிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும். பனையும் சீமைக்கருவேலமும் தாண்டி, 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறினால், தென்காற்று வண்டியை இடப்பக்கம் தள்ளும். நேராகப் போகவே வலப்பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும். எதிரே பேருந்து கடக்கும் நொடியில் காற்று சட்டென்று அறுந்து, மறுநொடி திரும்ப அறையும்.

1964 புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017இல்தான் நல்ல தார்ச்சாலை கிடைத்தது. காற்று அதன்மேல் மணலைப் பரப்பிக்கொண்டே இருக்கும்; அங்கே முன்பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கிவிடும், வேகத்தை முன்பே குறைத்துவிட வேண்டும். காரில் சுகமாகப் போகலாமே என்பது நியாயமான கேள்வி, அதிலும் சித்திரை வெயிலில். ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் இருபுறக் கடலும் தெரியும். கருவாட்டு வாசமும், உதட்டில் கரிக்கும் உப்பும் வராது.