வாக்குறுதியின் பேரேடும் ஊவா மலைகளும்

நாவலையும் கவிதையையும் படிக்கும்போது, இதிலே பேசுபவன் யார், யாரை நோக்கிப் பேசுகிறான், இவன் காட்டும் உலகத்தில் இடம்பெறாது போனவர் எவர் என்று கேட்பது முற்போக்கு விமர்சனத்தின் பழக்கம். அரசாங்கங்கள் எழுதும் ஏடுகளை மட்டும் நாம் இக்கேள்விகளிலிருந்து விலக்கி வைத்துவிடுகிறோம். அவை நிபுணர்களின் விஷயம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால், நம் மாணவரின் எதிர்காலம் குறித்து இன்று எழுதப்படும் மிகப் பெரிய கற்பனைகள் இத்தகைய ஏடுகளிலேதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, இலங்கை அரசு 2021ஆம் ஆண்டில் திருத்தி ஐக்கிய நாடுகளின் காலநிலை அமைப்பிடம் சமர்ப்பித்த ‘தேசிய ரீதியாகத் தீர்மானிக்கப்பட்ட பங்களிப்புகள்’ என்னும் ஆவணம். அதனைப் பதுளை மலைகளில் நின்று படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2015இல் பாரிஸ் நகரில் உருவான உடன்படிக்கை எந்த நாட்டின் மீதும் ஒரு தொகையைச் சுமத்தவில்லை. எவ்வளவு புகையைக் குறைப்போம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டுக்கொரு முறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். உடன்படிக்கையின் நான்காம் உறுப்புரை, எழுதிக் கொடுத்ததை அடையும் நோக்குடன் உள்நாட்டில் நடவடிக்கைகள் எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. நோக்கம் இருக்க வேண்டும், முயற்சி இருக்க வேண்டும். முடிவு கிட்டாவிட்டாலோ? அதற்குத் தண்டனை யாதுமில்லை. தோட்டத்திலே குறித்த கிலோ கொழுந்து நிறுவையில் தேறாவிட்டால் தொழிலாளிக்கு அரைப்பேர்தான். வாக்குறுதியில் குறைந்த அரசுகளுக்கு அரைப்பேர் போடும் கணக்கப்பிள்ளை உலகில் எவருமில்லை.

உலக மேடையில் சொன்ன சொல்லும் உள்நாட்டில் செய்யும் செயலும் எவ்வாறு இணைகின்றன? தேயிலைத் தொழிற்சாலையே இதற்கு நல்ல உதாரணம். கொழுந்தை வாட்டுவதற்கு அங்கே பெரிய காற்றாடிகள் மணிக்கணக்கில் சுழல்கின்றன. 2015ஐ அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையுடன், மின்சாரத்தைச் சிக்கனமாய்ச் செலவிடும் மோட்டார்களைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பொருத்தும் முயற்சி நடந்தது. சாண எரிவாயுக் கலன்களும் கூரைச் சூரியமின்சாரமும் அதே திட்டத்தில் அடங்கின. மோட்டார் மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்காக எங்கோ ஓர் அனல் நிலையத்தில் எரிபொருள் எரிய வேண்டியதில்லை. எரியாத எரிபொருள், வெளிவராத காபனாகக் கணக்கிடப்படுகிறது. அக்கணக்கு தேசியப் பேரேட்டில் ஏறி, அங்கிருந்து சர்வதேச வாக்குறுதியின் நிறைவேற்றமாக உலகுக்குக் காட்டப்படுகிறது. இச்சங்கிலியில் பொய் எதுவுமில்லை, பாராட்டத்தக்க முயற்சியே. ஆனால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் எண்ணப்படுவது காபன் ஒன்றே என்பதை வாசகர் மனத்திற்கொள்ள வேண்டும். மின்கட்டணத்தில் மிஞ்சிய பணத்தில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சதமேனும் சேர்ந்ததா என்று கேட்க அப்பேரேட்டில் பத்தியே கிடையாது.

இனி ஆவணத்தின் இலக்கங்களைப் பார்ப்போம். 2021 முதல் 2030 வரையான காலத்தில் பச்சைவீட்டு வாயுக்களை 14.5 சதவீதம் குறைப்பதாக இலங்கை கூறுகிறது. அதில் 4 சதவீதம் தன் சொந்த முயற்சியால், எஞ்சிய 10.5 சதவீதம் வெளிநாடுகள் உதவினால். 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும். புதிய நிலக்கரி மின்நிலையம் எழாது. காடு நாட்டின் பரப்பில் 32 சதவீதமாக உயரும்.

எதிலிருந்து 14.5 சதவீதம்? இன்றைய புகையிலிருந்து அன்று. நாடு வழக்கம்போல் வளர்ந்திருந்தால் எவ்வளவு புகை வந்திருக்கும் என்று ஊகித்து வரைந்த ஒரு கோட்டிலிருந்து. அக்கோடு ஒரு கற்பனைப் பாத்திரம். அப்பாத்திரம் எவ்வளவு பெரிய ஊதாரியாகச் சித்திரிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு ஆசிரியர் சிக்கனக்காரராகத் தோன்றுவார். 2022இல் பொருளாதாரம் சரிந்து, நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்த அந்த இருளும் இக்கணக்கில் புகைக் குறைவாகவே பதியும். வறுமையையும் சாதனையையும் பிரித்தறியத் தெரியாத அளவுகோல் மக்களின் அளவுகோலாக இருக்க முடியாது.

எனினும் குற்றம் முழுவதையும் கொழும்பின் மீது போடுவது நியாயமன்று. ஊவாவின் மலைக்காடுகளை வெட்டிச் சாய்த்தவர் யார்? கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் பிரித்தானியத் தோட்டமுதலாளிகள் அவற்றை அழித்தனர். அழித்த இடத்தில் நடுவதற்கும் பறிப்பதற்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரைக் கொண்டுவந்தனர். இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. ஏழை நாடுகளுக்கு 2020இலிருந்து ஆண்டுக்கு 10,000 கோடி டொலர் திரட்டித் தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகனில் சொன்ன செல்வ நாடுகள், அதனைக் காலந்தாழ்த்தியே எட்டின. அதிற் பெரும்பகுதி கடனாகவே வந்தது. அந்த 10.5 சதவீதம் என்னும் இலக்கத்துக்குப் பின்னால் நிற்பது இந்த வரலாறுதான்.

ஆயினும் வெளியாரின் அநீதியைக் காட்டி உள்ளூர் அநீதியை மறைத்துவிட முடியாது. உமா ஓயாவின் கதை அதற்குச் சாட்சி. பதுளை மாவட்டத்து ஆற்றை புகுல்பொலவிலும் டயரபாவிலும் மறித்து, மலையைக் குடைந்து 15 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுரங்கத்தால் வெல்லவாயப் பக்கம் இறக்கி, 120 மெகாவாற்று மின்சாரம் எடுத்து, நீரைத் தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கு அனுப்பும் திட்டம் அது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 ஏப்ரலில் ஈரானிய ஜனாதிபதி முன்னிலையில் திறந்து வைக்கப்பட்டது. இடையில் நடந்தது என்ன? 2014இன் இறுதியில் சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளையைச் சூழ்ந்த ஊர்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் பண்டாரவளை வீதிகளை நிறைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர்.

பாரிஸ் உடன்படிக்கைக்கு ஏழாண்டு முன்னரே தொடங்கிய இத்திட்டத்தின் மின்சாரம், இன்று 70 சதவீத இலக்கின் பேரேட்டில் பசுமை வரவாக ஏறுகிறது. வற்றிய கிணறு எந்தப் பேரேட்டில் ஏறுகிறது? சொந்த உறுதி உள்ளவனுக்கு இழப்பீடு கேட்க ஒரு கடதாசியாவது உண்டு. தலைமுறைகளாக வாழ்ந்தும் தன் காம்பராவுக்கு உறுதியில்லாத லயத்துக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்? இதைச் சொல்லும்போது மொனராகலையின் விவசாயியை நாம் பகைவனாக்கவில்லை. அவனுக்கும் நீர் வேண்டும், நமக்கும் மின்சாரம் வேண்டும். வரவை நாடும் செலவை மலையும் ஏற்கும் கணக்கு முறையையே எதிர்க்கிறோம்.

2021இன் உரத்தடையும் இவ்வகைப்பட்டதே. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. அக்டோபர் இறுதியில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குச் சென்ற ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ அதனை உலகின் முன் பெருமையுடன் எடுத்துரைத்தார். நவம்பர் முடியுமுன் தடை கைவிடப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு வீழ்ந்தது. உரமின்றிக் கொழுந்து குறைந்த மலையில் அதே கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் உயர்ந்த அதே ஆண்டு அது என்பதை மறந்துவிடலாகாது. மேடையில் கிடைத்த கைதட்டலுக்குக் கூலி கொடுத்தவள் கூடைக்காரி.

புகைக்குக் காரணமாகாதவரே புகையின் விளைவையும் தாங்குகின்றனர். 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அந்த மலை சரியக்கூடும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மிகக் கடுமையாய்ப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. ஒரு புயலுக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது விஞ்ஞானமன்று. ஆனால் சூடேறிய கடலும் காற்றும் பெருமழையை மேலும் பெருக்குகின்றன என்பது விஞ்ஞானம். சரியும் சாய்வில் லயத்தைக் கட்டி, எச்சரிக்கை வந்த பின்னும் மக்களை அங்கேயே இருத்தி வைத்தது இயற்கையன்று.

ஆகவே வாக்குறுதியே வேண்டாம் என்பதா? சிறிய நாடு, நம் புகை உலகப் புகையில் ஒரு துளி, நமக்கென்ன என்பாரும் உளர். அது தோட்டத்துரையின் வாதம். துளிகளாய்ப் பிரித்தால் எவருக்கும் பொறுப்பில்லை. வாக்குறுதி வேண்டும்; அதைச் செயலோடு இணைக்கும் மூட்டிலே மனிதன் இருக்க வேண்டும். ஒரு திட்டம் எத்தனை தொன் காபனைக் குறைத்தது என்று எழுதும் அதே பக்கத்தில், எத்தனை ஊற்றுகள் வற்றின, எத்தனை நாட்பேர் இழக்கப்பட்டது, எத்தனை குடும்பம் உறுதியுடன் பாதுகாப்பான நிலத்தில் குடியேறியது என்றும் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதாத இலக்கத்தை நிறைவேறிய வாக்குறுதி என்று நாம் ஒப்புக்கொள்ளலாகாது.

துரைமாரின் செக்றோலில் மனிதன் ஒரு பேராகவும் ஒரு நிறையாகவும் மட்டுமே இருந்தான். அந்த நிறைக்குப் பின்னாலிருந்த முகத்தைக் காட்டியவர்கள் சி. வி. வேலுப்பிள்ளையும், ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என். எஸ். எம். இராமையாவும். காபனின் பேரேட்டுக்கும் அதே பணி தேவைப்படுகிறது. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரோடு ஊரிலுள்ள ஒவ்வொரு ஊற்றையும் வெடித்த சுவரையும் ஆண்டுதோறும் குறித்து வைப்பார்களாயின், அடுத்த ஆவணம் எழுதப்படும்போது அதன் அருகில் வைத்துப் படிக்க நம்மிடமும் ஓர் ஏடு இருக்கும்.