நாழிக்கு எத்தனை கிராம்?

புறநானூறு 189-ஆம் பாடலுக்கு நான் தயாரித்த குறிப்பில் ‘நாழி: ஏறக்குறைய ஒரு கிலோ’ என்று எழுதியிருந்தேன். சோதனையில் ஒரு மாணவி ‘நாழி ஓர் எடை அல்ல’ என்று எழுதினாள். மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அவள் தாளோடு வந்து, “ஐயா, எதை அளந்தா ஒரு கிலோ? அரிசியா, மாவா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் சூலியா தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒரு கப்பைத் தராசில் வைத்துக் காட்டினார். 250 மில்லிலிட்டர் கப்பில் தண்ணீர் 250 கிராம். அதே கப்பில் அரிசி 200 கிராமுக்குச் சற்று மேல். கோதுமை மாவைத் தளர்வாகப் போட்டால் சுமார் 125 கிராம், அமுக்கிப் போட்டால் 150-ஐத் தொடும். கப் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பொருளும் இடையில் உள்ள காற்றும்தான் வேறு. கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால்தான் எடை கிடைக்கும்.

நம் பழைய முகத்தலளவை வாய்பாடும் இதே இனம்தான்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, 8 நாழி 1 குறுணி. மலாய் வழக்கில் 4 சுப்பாக் 1 காந்தாங் என்பதும் முகத்தலளவையே. பால் டின்னால் அரிசி அளந்த நம் பாட்டிமாருக்கு இது பாடமே இல்லை, பழக்கம்.

சரி, கிராம் போட்டால் செய்யுளுக்கு என்ன நஷ்டம்? மூன்று பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

புறம் 189-இல் நக்கீரனார், உலகாளும் மன்னனையும் இரவு பகல் தூங்காமல் வேட்டையாடுபவனையும் ஒரே நாழியின் முன் நிறுத்துகிறார். இருவர் வயிறும் ஒரே பாத்திரம். ஆகவே மிச்சச் செல்வம் கொடுப்பதற்கே என்பது அவர் முடிவு. நல்வழி 28-இல் ஔவையார் அதே நாழியை எடுக்கிறார், ஆனால் வேறு பக்கம் போகிறார். வயிற்றுக்கு எல்லை உண்டு, மனத்தின் எண்ணத்துக்கு இல்லை என்கிறார். மூதுரை 19-இல் கடலே எதிரில் இருந்தாலும் நாழி தன் அளவுக்கு மேல் கொள்ளாது. அது ஊழைச் சொல்ல வந்த உவமை.

மூன்றிலும் நாழி என்பது ஒரு பாத்திரம். ‘இவ்வளவுதான் கொள்ளும்’ என்ற எல்லைதான் பொருளின் உயிர். எடைக்கு அந்த எல்லை கிடையாது. தராசில் இன்னும் ஒரு கல்லைச் சேர்க்கலாம். ‘ஒரு கிலோ’ என்றவுடன் மூதுரை உவமையே உடைந்துபோகிறது. சோதனைத் தாளில் குறைந்தது ஒரு மதிப்பெண்தான், ஆனால் என் குறிப்பில் குறைந்தது பாடலின் பொருள்.

மாணவர்களே, ‘நாழி: முகத்தலளவை, ஒரு படி’ என்று எழுதுங்கள். பிறகு அந்த எல்லை பாடலில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி சேருங்கள். ஆசிரியர்களே, சமையல் குறிப்பில் கிராம் கேட்பது நியாயம். செய்யுளில் முதலில் பாத்திரத்தைக் கேட்போம்.

அந்த மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். குறிப்பையும்தான்.