சாவி இல்லாத உரிமை

நகல் தடுப்புப் பூட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே சட்டம் படித்தவர்கள் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போல நம்முடையது முரட்டுத்தனமானதல்லவாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரை மட்டுமே தண்டிக்கிறதாம். சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்பவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

சட்டத்தின் வாசகம் அப்படித்தான் இருக்கிறது, நல்ல வாசகம். படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி பரவுவதால் தயாரிப்பாளர் படும் நஷ்டத்தையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் நோக்கத்தை விசாரிப்பது நீதிமன்றம். பூட்டு யாரையும் விசாரிப்பதில்லை. ஒளிபரப்பைச் சொந்த உபயோகத்துக்காகவும் கற்பித்தலுக்காகவும் பதிவு செய்துகொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பல டிடிஎச் பெட்டிகளிலோ, பதிவு செய்த கச்சேரி அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி பழுதானாலோ சேவையை மாற்றினாலோ பதிவும் போயிற்று. விமர்சனத்தில் எடுத்துக்காட்ட ஓடிடி படத்திலிருந்து ஒரு காட்சியைப் பதிந்தால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். வழக்கும் தீர்ப்பும் இல்லாமலே, சட்டம் கொடுத்ததை ஒரு மென்பொருள் பறித்துக்கொள்கிறது. பிழைப்புக்காகத் திருடுபவன் எப்படியும் உடைத்துவிடுவான். தடைபட்டு நிற்பவர் சந்தா கட்டியவர்தான்.

இதனால் நேரும் இழப்பு ஒரு வீட்டோடு முடிவதில்லை. வானொலியில் ஒலிபரப்பான கச்சேரிகளை ஸ்பூல் டேப்பிலும் கேசட்டிலும் பிடித்து வைத்த ரசிகர்களால்தான் பழைய வித்வான்கள் பலரின் பாட்டு நமக்கு மிஞ்சியிருக்கிறது. பிபிசி தனது ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் நாடாக்கள் பலவற்றை அழித்தது. காணாமற்போன அந்தப் பகுதிகளின் ஒலி ஒன்றுவிடாமல் இன்று கிடைக்கிறதென்றால், டிவி முன் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்களே காரணம். நிறுவனம் காப்பாற்றாததை வீடு காப்பாற்றியது. இன்றைய பூட்டு அந்த வீட்டைத்தான் அடைக்கிறது.

பூட்டுபவருக்கு ஏதாவது கடமை உண்டா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு ஆணை, குறிப்பிட்ட சில விலக்குகளுக்காவது உரிமையாளர் வழிவிட வேண்டும் என்கிறது. அரைகுறை ஏற்பாடுதான், என்றாலும் ஓர் ஏற்பாடு. 65ஏ பிரிவில் அதுகூட இல்லை. அதில் இருக்கும் நிபந்தனை வேறு மாதிரியானது. சட்டம் தடுக்காத காரியத்துக்காக ஒருவர் பூட்டைத் திறக்க இன்னொருவர் உதவினால், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் உதவியவர் பதிவேட்டில் குறித்து வைத்திருக்க வேண்டும். தாத்தாவின் டிவிடியை நகலெடுக்க உதவும் பேரனுக்கும் இது பொருந்தும் என்றே வாசகத்திலிருந்து தெரிகிறது. பூட்டிய நிறுவனமோ யாருக்கும் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை.

39ஆம் பிரிவின்படி கேட்பவருக்குத் திறந்து கொடுக்கும் கடமையைப் பூட்டியவர்மீது சுமத்தாதவரை, 65ஏ பிரிவை மென்மையான சட்டம் என்று என்னால் ஏற்க முடியாது.