செவ்வாய்க்குப் போகலாம், திரும்புவது?

செவ்வாய்க்கு மனிதரை அனுப்புவதற்குக் கெடு குறிப்பது பழைய பழக்கம். 1952-இல் ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரவுன் வெளியிட்ட திட்டத்தில் பத்துக் கப்பல்களும் எழுபது பேரும் இருந்தார்கள். 1980-களில் இறங்கிவிடலாம் என்று 1969-இல் அமெரிக்க அரசின் குழு ஒன்று சொன்னது. 2017-இல் ஈலான் மஸ்க் குறித்துக் கொடுத்த ஆண்டு 2024. எல்லாமே போய்ச் சேரும் நாளுக்கான கெடு. இந்தப் பயணம் சாத்தியமா என்பதைத் திரும்பி வரும் வழியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம்.

போகும் வழி அவ்வளவு மோசமில்லை. ஆறிலிருந்து ஒன்பது மாதம் பிடிக்கும். வலேரி போல்யகோவ் மீர் நிலையத்தில் 437 நாள் ஒரே மூச்சில் இருந்துவிட்டு இறங்கியவர். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இன்று சிறுநீரும் வியர்வையும் சேர்த்து 98 விழுக்காடு நீரை மீட்டுவிடுகிறார்கள். கதிர்வீச்சுதான் உறுத்தல். கியூரியாசிட்டி ஊர்தி போகிற வழியிலேயே அளந்த கணக்குப்படி, போக வர மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட். ஒரு வீரர் வாழ்நாள் முழுவதற்கும் நாசா அனுமதிக்கும் அளவே 600. ஆனாலும் இதை ஒரு தடையாக நான் நினைக்கவில்லை. புற்றுநோய் வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட ஆட்கள் கிடைப்பார்கள்.

இறங்குவது வேறு கதை. அங்குள்ள காற்று நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கலத்தைச் சூடேற்ற அது போதும், கனமான கலத்தைப் பாராசூட்டால் மட்டும் இறக்கப் போதாது. 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியின் எடை ஏறத்தாழ ஒரு டன். மனிதர் இறங்கும் கலமோ இருபது டன்னுக்குக் குறையாது.

இனித்தான் உண்மையான சிக்கல். இரு கோள்களும் வாகாக அமைவது 26 மாதத்துக்கு ஒருமுறை. அதனால் போனவர்கள் ஒன்றரை ஆண்டு அங்கேயே காத்திருக்க வேண்டும். பிறகு நான்கு பேரைத் தரையிலிருந்து கிளப்ப ஏழு டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்பது நாசாவின் கணக்கு. செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கப் போன மாக்சி கருவி இரண்டாண்டுகளில் 16 முறை ஓடி எடுத்தது மொத்தம் 122 கிராம். அது சின்னச் சோதனைக் கருவி, வேதியியல் சரிதான் என்று காட்டுவதே அதன் வேலை. அதை நன்றாகவே செய்தது. எரிபொருள் செய்யும் ஆலையை முதலில் அனுப்பி, தொட்டி நிரம்பிய சேதி வந்த பிறகே ஆட்களை ஏற்றலாம் என்று 1990-இல் பொறியாளர் ராபர்ட் சுப்ரின் சொன்ன வழிதான் இன்றும் இருப்பதில் உருப்படியானது. ஆனால் அந்த மண்ணிலிருந்து இதுவரை ஒரு ராக்கெட்கூடக் கிளம்பியதில்லை. பெர்சிவரன்ஸ் குழாய்களில் அடைத்து வைத்திருக்கும் சில நூறு கிராம் கல்லையும் மண்ணையும் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை இழுக்கும் என்று 2024-இல் நாசாவே கைவிரித்தது. ஒரு கைப்பிடி மண்ணுக்கே இந்தப் பாடு.

அப்படியானால் எந்திரம் போதுமே என்பார்கள். அதுவும் பாதி உண்மைதான். ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி 42 கிலோமீட்டர் உருளப் பதினோரு ஆண்டு ஆனது. அப்பல்லோ 17-இன் இருவர் நிலவில் மூன்று நாளில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வண்டியில் சுற்றினார்கள். ஒருவர் நிலவியல் படித்தவர் என்பதால் ஆரஞ்சு நிற மண் கண்ணில் பட்டதுமே நின்று தோண்டினார். இன்சைட் கலத்தின் வெப்பமானி ஐந்து மீட்டர் ஆழம் இறங்க வேண்டியது. இரண்டாண்டு முட்டி மோதியும் முடியாமல் 2021-இல் கைவிட்டார்கள். மண்வெட்டியோடு ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது வழி பண்ணியிருப்பார்.

அதே ஆள் தன் உடம்பில் கோடானுகோடி நுண்ணுயிர்களையும் சுமந்து வருவார் என்பதைத்தான் ஆதரவாளர்கள் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். செவ்வாயில் உயிர் இருந்ததா என்று தேடப் போய், அது அங்குள்ளதா நாம் கொட்டியதா என்று தெரியாமல் விழிக்க நேரலாம். சாத்தியம் பற்றிய விவாதத்தில் செலவைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மனிதர் போகட்டும், இறங்க வேண்டாம் என்றொரு நடுவழி உண்டு. பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேர மூன்று முதல் 22 நிமிடம் ஆகிறது. தரையிலிருந்து ஆறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் போபோஸ் துணைக்கோளில் இருந்துகொண்டு ஊர்திகளை ஓட்டினால் அந்தத் தாமதம் இல்லை. இருபது டன் கலமும் வேண்டாம், கிளம்புவதற்கான 25 டன் ஆக்சிஜனும் வேண்டாம், மண்ணும் அசுத்தமாகாது. கதிர்வீச்சு மட்டும் அப்படியேதான் இருக்கும். எனக்கு இதுதான் இப்போதைக்கு நியாயமான திட்டமாகத் தெரிகிறது. ஆனால் கொடி நடாமல் ஆறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவிட்டு வந்தால் அதற்கு எந்த நாடாளுமன்றம் பணம் ஒதுக்கும்?