பின்னாலிருந்து ஒரு பிடி

அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால் இசட்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1989இல் தொடங்கியது. அதன் முதல் பெரிய சண்டையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

எதிரியாக வந்திருக்கும் ராடிட்ஸ் தனியாள். எதிராளியின் பலத்தை எண்ணாகக் காட்டும் கருவியைக் கண்ணில் மாட்டியிருக்கிறான். நாயகன் கோகு, அவனோடு சேர்ந்து நிற்கும் பிக்கோலோ இருவரின் எண்களையும் கூட்டினாலும் அவனுக்கு ஈடில்லை. பிக்கோலோவுக்கு ஒரு கை போய்விட்டது. மிஞ்சிய கையின் இரு விரல்களை நெற்றியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சக்தி திரட்டுகிறான். அதற்கு நேரம் பிடிக்கும். முதல் வீச்சோ குறி தப்பிவிட்டது. அப்போதுதான் கோகு, நொறுங்கிய உடம்போடு எழுந்து, ராடிட்ஸைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிக்கிறான். தன்னையும் சேர்த்துத் துளைத்துவிடச் சொல்கிறான். யாரிடம்? தன்னைக் கொல்லவென்றே பிறந்தவனிடம்! அந்த நம்பிக்கையை எந்தக் கருவி அளக்கும்?

இருவரையும் ஒரே கதிர் துளைக்கிறது.

பிறகு கோகுவின் மகன் கோஹனுக்குப் பயிற்சி கொடுப்பவன் அதே பிக்கோலோ. அடுத்து வரும் எதிரி நாப்பாவின் தாக்குதல் சிறுவன்மேல் பாயும்போது, மறுபடி முளைத்த அந்தக் கையையும் சேர்த்து விரித்துக் குறுக்கே நிற்கிறான், உயிரை விடுகிறான். தொடரில் பின்னால் வரும் பிரம்மாண்டமான சண்டைகள் எல்லாவற்றையும்விட இந்த இரண்டு காட்சிகளைத்தான் உயர்வாகச் சொல்வேன்.