உள்ளாடை மணி: ஆறு வாரப் பரீட்சை

தீப்பெட்டியளவே உள்ள ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து நீளும் மெல்லிய கம்பியின் நுனியில் உள்ளாடையைக் கவ்விக்கொள்ளும் ஒரு கிளிப். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் காஹாங்குக்கு இச்சாதனம் நூற்றைம்பது வெள்ளி விலையில் வந்து சேர்ந்த தினத்தில், யாருக்காக அதைத் தருவித்தோமோ அந்த ஆறு வயதுப் பேரன், ஆட்டிசம் உள்ளவன், சாதனத்தை ஒதுக்கிவிட்டு அதைச் சுற்றியிருந்த குமிழித் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதன் தத்துவம் சுலபமானது. சிறுநீரிலுள்ள உப்புக்கள் மின்சாரத்தைக் கடத்துவதால், கிளிப்பின் இரு உலோக முனைகளுக்கிடையே ஈரம் பரவியதும் சுற்று பூர்த்தியாகி, மணி அலறுகிறது, பெட்டி அதிர்கிறது. 1904-ஆம் ஆண்டிலேயே ஃபவுண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை வைத்தியர், துணி நனைந்ததைத் தாதியருக்கு அறிவிக்க இத்தகைய ஏற்பாட்டைச் செய்யப்போய், குழந்தைகள் படுக்கையை நனைப்பதே குறைந்ததைக் கண்டார். 1938-இல் மௌரர் தம்பதியர் அதை இரவுச் சிகிச்சையாக வகுத்தனர். 1971-இல் அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற அமெரிக்கர் இருவர், மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் வசித்த பெரியவர்களின் பகல்நேரக் கழிவறைப் பயிற்சியிலும் உள்ளாடை மணியைப் பிரயோகித்தனர்.

இனி எங்கள் அனுபவம். முதல் அலறலிலேயே பேரன் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்துவிட்டபடியால், சப்தத்தை அடியோடு நிறுத்தி அதிர்வை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த வசதியில்லாத மணியை இத்தகைய குழந்தைகளுக்கு வாங்கவே கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அடுத்த சங்கடம் வியர்வை: நடுப்பகல் புழுக்கத்தில் பொய்யாகவே நாலைந்து முறை அதிர்ந்தது. மூன்றாவதுதான் நாங்கள் சற்றும் எதிர்பாராதது. அதிர்வின் ஸ்பரிசம் பிடித்துப்போய், பயல் குவளைத் தண்ணீரில் கிளிப்பை முக்கி முக்கி ஆனந்தித்துக்கொண்டிருந்தான்!

ஒரு வாரம் பார்த்துவிட்டு மருமகள் சொன்னாள்: "மாமா, இது அவனக் கூப்பிடல, நம்மளத்தான் கூப்பிடுது." உண்மைதான். மூத்திரப்பை நிறைந்த உணர்ச்சி பலமாக எட்டாத ஒரு குழந்தைக்கு, நனைந்த பிறகு வரும் அறிவிப்பால் என்ன பிரயோஜனம்? ஆயினும் அது அதிர்ந்த நேரத்தையும், அதற்குமுன் அவன் மைலோ குடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவந்ததில், இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் நாற்பது நிமிஷம் என்பது விளங்கிற்று. முப்பதாவது நிமிஷத்தில் கழிவறைப் படமுள்ள அட்டையைக் காட்டி அழைத்துப்போகத் தொடங்கினோம். குந்தும் தொட்டியில் அவன் கால் வழுக்குவதற்கு ரப்பர் விரிப்பும், ஃபிளஷ் இரைச்சலுக்கு அவன் வெளியேறியபின் இழுப்பதுமே பரிகாரமாயின. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் முழுதும் பெம்பர்ஸ் இல்லாமல் கழிந்தது. மலச்சிக்கல் உள்ள குழந்தையாயின் வைத்தியரைப் பார்த்த பிறகே இதையெல்லாம் ஆரம்பிக்க வேண்டும்.

சில வாரங்களே தேவைப்படும் பொருளுக்கு இது அதிக விலை. பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இரண்டொன்றை வாங்கி வைத்து இரவல் கொடுத்தால் எவ்வளவோ குடும்பங்களுக்குச் சௌகரியம். எங்களுடையது அலமாரியில் கிடக்கிறது. பேரன் எப்போதாவது கைகாட்டிக் கேட்டு வாங்கி, கிளிப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது அதிர்ந்து ஓயும்வரை கன்னத்தில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறான்.